மூக்கைத் தூக்கிய பச்சைக் கார்

என் மக்களே, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போன கிழமை மூத்தவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "வாப்பா, இந்தக் காரப் பத்தி உங்கட அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டான். நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. கண்ணாடியைத் தேடுகிறவன் மாதிரி எழும்பி உள்ளே போய்விட்டேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அது விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு பழைய ஜப்பான் கார். முன்சில்லு, அதாவது முன்சக்கரம், இழுக்கிற வகை. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று விற்கிறவர் எழுதியிருந்தார். கொஞ்சமா? ஒரு கதவு சிவப்பு, மற்றக் கதவுகள் சாம்பல். உடம்பை வெட்டித் தாழ்த்தியதில் அடியால் ஒரு நண்டுகூடப் போக முடியாது. பறக்கப் போகிற மாதிரி, பின்னால் உடுப்பு மினுக்குகிற மேசையைப் போல ஒரு செட்டை. டிக்கி நிறைய, அரிசிப் பெட்டி அளவில் பாட்டுப் பெட்டிகள். கீழே ஊர் உலகமெல்லாம் கொமெண்ட் போட்டிருந்தது. செட்டை போதாது, இன்னும் பெரிதாகப் போடு என்கிறார் ஒருவர். எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பூ மரம் நடு என்கிறார் இன்னொருவர். இவ்வளவு பாரத்தைப் பின்னுக்கு ஏற்றினால் முன்சில்லு மண்ணைப் பிடிக்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"நீ வாங்கப் போறியா மகன்?" என்று கேட்டேன். "இல்ல வாப்பா, கொமெண்ட் வாசிச்சுச் சிரிக்கத்தான்" என்றான். அல்ஹம்துலில்லாஹ். அப்போதுதான் நான் கண்ணாடி தேடப் போனது.

போன் வாசம் காட்டாது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பச்சைப் பெயின்ட் மணத்தது. கூடவே கருவாடும். இரண்டும் சேர்ந்து மணத்தால் அது உங்கள் அன்சார் மாமாவின் கராஜ். கல்முனைக் கடற்கரையில், கருவாடு காயப்போடும் வெட்டைக்குப் பக்கத்தில், நாலு தென்னங்குற்றியும் மேலே தகரமுமாக நின்றது. உப்புக் காற்று அடித்து, நாங்கள் திருத்த எடுக்கிற வாகனத்தைவிட எங்கள் தகரம் வேகமாகத் துருப்பிடித்தது. அங்கேதான் நான் டிங்கர் வேலை செய்தேன். நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது, கிழிந்ததை ஒட்டுவது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும் கை நன்றாக ஓடும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான் நிந்தவூர்க்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். உங்கள் உம்மாவை முடித்து இந்த வீட்டுக்கு வந்து அப்போது ஏழு மாதம். புது மாப்பிள்ளையின் சுகத்தை நீங்கள் அறியமாட்டீர்கள். சட்டியில் எது பெரிய மீன் துண்டோ அது என் பீங்கானில் வந்து விழும். உங்கள் அன்சார் மாமா, எனக்கு மச்சான், வீட்டின் மூத்த ஆண்பிள்ளை, வால் துண்டைத் தின்பார். ஆனால் அந்தப் பெரிய துண்டு ஒரு வேலையும் செய்யும், மாப்பிள்ளையின் வாயை அடைத்துவிடும். மச்சான் சொன்னால் ஓம், மாமி சொன்னாலும் ஓம். ஏழு மாதத்தில் நான் அந்த வீட்டில் 'இல்லை' என்று சொன்னது, இன்னும் சோறு வேணுமா என்று கேட்டபோது மட்டுந்தான்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி நடக்கத் தேவையில்லாமல் போன காலம் அது. பாதை திறந்ததும் ஊருக்கு வாகன ஆசை வந்தது. பின்னால் லொறி இடித்து, பாதி அப்பளமாகிக் கிடந்த ஒரு சின்னக் காரை மச்சான் எங்கிருந்தோ கட்டி இழுத்து வந்தார். முன்பாதி நல்ல புள்ளை மாதிரி இருந்தது. எஞ்சின் முன்னுக்கு, இழுக்கிற சில்லும் முன்னுக்கு. "பின்பாதி இல்லாட்டி என்ன மச்சான், பின்னுக்கு இழுக்கிற சாமான் ஒண்டுமில்லயே" என்றார். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. தப்பான யோசனைகள் எப்போதும் அப்படித்தான் படும்.

முன் ஆசனத்துக்குப் பின்னால் காரை வெட்டி எறிந்தோம். இரும்புச் சட்டம் ஒட்டி, சாமான் ஏற்ற ஒரு தட்டு அடித்தோம். தட்டின் பக்கப் பலகைகள் மருதமுனையில் கழித்துப்போட்ட பழைய தறி மரங்கள். நல்ல வைரமான மரம், ஆணி வளையும், மரம் வளையாது. தட்டு நீளமாக இருந்தால் நல்ல விலை வரும் என்று, பின்சில்லையும் தாண்டி நாலு அடி பின்னுக்கு நீட்டினார் மச்சான். பள்ளிவாசல் யன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டைக் கேட்டு வாங்கி அடித்தோம். ஹோர்ன் பஸ்ஸுடையது. பாட்டுப் பாடும்.

முடித்து, கராஜுக்கு முன்னால் விற்பனைக்கு நிறுத்தினோம். வாங்க ஒருவரும் வரவில்லை. அபிப்பிராயம் சொல்ல ஊரே வந்தது.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்தால் போதும், சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மீன் வியாபாரி ஒருவர் தட்டுக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும் என்றார். ஓட்டை போட்டோம். அவர் வாங்கவில்லை. காரைதீவிலிருந்து டியூசன் கொடுக்க வருகிற மாஸ்டர் சைக்கிளிலிருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்று, "முன்னுக்கு மாப்பிள்ளை, பின்னுக்கு மூடை கட்டின வண்டில்" என்றார். அந்தப் பெயர் ஒரு கிழமைக்குள் சாய்ந்தமருது வரைக்கும் போய்விட்டது. ஒரு ஹாஜியார் ஹோர்ன் பாடுகிற பாட்டு சினிமாப் பாட்டு என்று சொல்லி அதைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். அடுத்த நாள் அவரே வந்து, ஹோர்ன் இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று கேட்டார். மூன்று மாதம் இப்படிப் போனது. மச்சான் கையிலிருந்த எல்லாவற்றையும் அந்தத் தகரத்தில் போட்டிருந்தார். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரிப்பார், வீட்டுக்கு வந்தால் கதைக்கமாட்டார்.

அந்தக் காரின் உண்மையான குறை எனக்கும் மச்சானுக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஒருநாள் எட்டு மூடை நெல் ஏற்றிக்கொண்டு நிந்தவூர் மில்லுக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். ஊருக்குள் திரும்புகிற வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். ஸ்டியரிங் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேரே போய் ஒரு வேலியைப் பிரித்துக்கொண்டு கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றது. இறங்கிப் பார்த்தால் முன்சில்லு இரண்டும் நிலத்தைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தன. நீங்கள் சின்னதில் பலகைக்கு நடுவில் கல்லு வைத்து ஏறி இறங்கி விளையாடுவீர்களே, அதே கணக்கு. பாரம் பின்சில்லுக்கும் பின்னால் குந்தியிருந்ததால் முன்பக்கம் எழும்பிவிட்டது. இழுக்கிறதும் முன்சில்லு, திருப்புகிறதும் முன்சில்லு. அது மண்ணை விட்டால் அந்தக் கார் ஓட்டுகிறவனுடைய சொல்லைக் கேட்காது. அன்றைக்கு அந்த வேலிக்குப் பதிலாக ஒரு பிள்ளை நின்றிருந்தால்? மச்சான் சாய்ந்த வேலிக் கம்பு ஒன்றை நிமிர்த்திவிட்டு, "பாரத்தக் குறைச்சு ஏத்தினாச் சரி" என்றார். வேலியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இறக்காமத்திலிருந்து ஆதம்பாவா என்பவரும் அவர் பெண்சாதி சுபைதாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வெள்ளாமை வெட்டு நடக்கிற நேரம். குளத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு வயல். நெல்லைக் குளக்கட்டுக்கு மேலால் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வாகனம் வேண்டும். மனுசன் ஒரு சொல்லும் பேசாமல் காரை மூன்று தரம் சுற்றி வந்தார். பேச்செல்லாம் பெண்சாதிதான். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பள்ளிவாசல் பச்சையா என்று கேட்டாள், ஒளு எடுத்து, முகம் கைகால் கழுவிவிட்டுத்தான் ஏற வேணுமா என்று கேட்டாள். மச்சான் மூன்று மாதத்துக்குப் பிறகு உண்மையாகச் சிரித்தார்.

ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். சுபைதா முன்னால் ஏறவில்லை. தட்டில், அதுவும் கடைசி நுனியில் போய்க் குந்திக்கொண்டாள். திரும்பி வந்து இறங்கியதும் முன்பக்கம் போய், பொனெட்டில் இரண்டு கையையும் வைத்து ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். என்ன ராத்தா, ரொட்டிக்கு மாப் பிசைகிறீங்களா என்று மச்சான் பகிடி விட்டார். சூடு பார்த்தேன் என்றாள்.

விலை பேசி முடிந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மச்சான் உடனே தலையாட்டினார். நமக்குள் ஒரு வழமை இருக்கிறது, பிள்ளைகளே. ஒரு பொருளை விற்கிறவன் அதன் ஐபுவை, அதாவது குறையை, வாங்குகிறவன் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் விற்க வேண்டும். குறை தெரிந்த பிறகும் இரண்டு பேரும் பொருத்தம் என்றால்தான் அந்தக் காசு ஹலால். ஆதம்பாவா கையை நீட்டுவதற்கு முதல் சுபைதா என்னைப் பார்த்தாள். மச்சானை இல்லை, என்னை.

"தம்பி, ஐபு ஏதும் இரிக்கா?"

"ஒண்டுமில்ல ராத்தா, பால் மாதிரி" என்றார் மச்சான், நான் வாயைத் திறக்குமுன்.

அவள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன். நகத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அதை அவ்வளவு கவனமாக நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கை கொடுத்து, பொருத்தம் சொல்லி, பாட்டு ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள். ஹாஜியாரின் சொல்லுக்காக அதைத் திரும்பவும் பூட்டியிருந்தோம்.

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து சோற்றுக்குக் குந்தினேன். பீங்கானில் பாரை மீன் தலை. பிசைகிறேன், பிசைகிறேன், வாய்க்குப் போகவில்லை. கண்ணுக்குள் குளக்கட்டுத்தான் நிற்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற பாதை. அதில் நெல் மூடைகளும், நுனியில் குந்தியிருக்கிற அந்தப் பெண்ணும், திரும்பாத ஒரு ஸ்டியரிங்கும். உங்கள் உம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்ன நடந்தது என்று கேட்டாள். முதலில் தலையிடி என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய கூடப்பிறந்த காக்காவைப் பற்றி அவளிடமே குறை சொல்கிற முதல் தடவை. இனி இந்த வீட்டில் எனக்கு வால் துண்டுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப என்னத்துக்கு இன்னும் சோத்தப் பிசைஞ்சிக்கிட்டு இரிக்கிறீங்க?"

பக்கத்து அறையில் மச்சான் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உம்மா பூனை மாதிரிப் போய், கொடியில் தொங்கிய அவருடைய சேர்ட் பையிலிருந்து மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து வந்து என் ஈரக் கையில் வைத்தாள். இன்றைக்கு நீங்கள் அவளை வாய் பேசாத மனுசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு வாய் தேவைப்படுவதில்லை.

காரைதீவுச் சந்தியால் திரும்பி, மாவடிப்பள்ளி வெளியால், சம்மாந்துறையைத் தாண்டிப் போனேன். ரோட்டின் இரண்டு கரையிலும் வெட்டிய வயல். வைக்கோல் வாசம் மூக்கை நிறைக்கிற அந்தப் பாதையில் எனக்கு எப்போதும் பாட்டு வரும். அன்றைக்கு ஒவ்வொரு வாய்க்காலையும் எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன், பச்சையாக ஏதும் கவிழ்ந்து கிடக்கிறதா என்று. வயல் பிரதேசத்தில் பச்சையாக எத்தனை சாமான் கிடக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாய்க்காலில் மிதந்த ஆற்று வாழைப் பத்தை ஒன்றுக்காக ஒருதரம் பிரேக் அடித்தேன்.

இறக்காமத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் விசாரித்தேன். முன்னுக்குக் கார், பின்னுக்குக் கட்டில் மாதிரி ஒன்றா என்று கடைக்காரர் கேட்டார். அது அப்போதே வயலுக்குப் போய்விட்டதாம், நெல் ஏற்ற.

குளக்கட்டுக்கு ஏறுகிற சரிவில் ஒரு கூட்டம் நின்றது. அதற்கு நடுவில் பச்சைக் காரின் மூக்கு கீழ்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே போக வேண்டிய கார் கீழே பார்த்தால் என்ன அர்த்தம்? ஏறிய கார் உருண்டு வந்து நிற்கிறது என்றுதான் நான் நினைத்தேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தினேனா, விழுத்தினேனா தெரியாது. "யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கிட்டப் போனால், கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. கார் நிற்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. தட்டு நிறைய நெல் மூடையோடு, பின்பக்கமாக. ஆதம்பாவா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு ரிவர்ஸில் ஏற்றுகிறார். பொனெட்டில் இரண்டு மண் மூடை நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. சுபைதா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, பிரசவம் பார்க்கிறவள் மாதிரி, மெள்ள, மெள்ள என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தாள். சரிவில் பாரமெல்லாம் கீழே நின்ற மூக்குப் பக்கம் சாய, முன்சில்லு மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறியது.

அப்படியே சரிவில் குந்திவிட்டேன். கார் கட்டுக்கு மேலே போய் நின்றதும் அவள் இறங்கி வந்தாள். மூச்சு வாங்க, வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லி வந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். பாரம் ஏற்றினால் முன்பக்கம் எழும்பும், ஸ்டியரிங் கேட்காது, நிந்தவூரில் ஒரு வேலியைப் பிரித்தோம், தெரிந்துகொண்டுதான் மறைத்தோம், வேண்டுமென்றால் திருப்பி எடுக்கிறோம் என்றேன். மச்சானைக் கேட்காமல், புது மாப்பிள்ளை.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "எங்கட ஊரு உழவு டெக்டரும் பின்னுக்குப் பாரம் கூடினா இப்படித்தான் மூக்கத் தூக்கும். முன்னுக்குக் கல்லுக் கட்டித்தான் ஓட்டுற. நுனில குந்திப் பாத்தன், காரு ஊஞ்சல் மாதிரி ஆடிச்சு."

"அப்ப என்னத்துக்கு ஐபு இரிக்கா எண்டு கேட்டீங்க?"

"உங்கட வாயால வருமா எண்டு பாக்கத்தான். அங்க வரல்ல." சூரியனை ஒருதரம் பார்த்தாள். "சரி, அசருக்கு முந்தி வந்திட்டு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆதம்பாவா காரிலிருந்து இறங்கி வந்து, அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார். "எனக்கும் இவ ஒண்டும் சொல்லல்ல தம்பி. வீட்ட வந்து மண் மூடை கட்டச் சொன்ன நேரந்தான் தெரியும்."

காரைத் திருப்பி எடுக்கிற கதையே வேண்டாம் என்றாள். பாதி விலைக்கு வேறு எங்கே எடுப்பது, எங்களுக்கு இது பொருத்தந்தான் என்றாள். ஆனால் ஒரு வேலை செய்து தரச் சொன்னாள்: பின்சில்லைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டு, வாலைக் குறை. மூன்று மாதம் ஊரெல்லாம் சொன்ன அபிப்பிராயத்தில் இல்லாத ஒன்று அது. டிங்கர் எனக்கும் வராத யோசனை. அடுத்த கிழமை வெல்டிங் சாமானோடு போய்ச் செய்து கொடுத்தேன். அச்சைத் தட்டின் நுனிக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒட்டி, வாலில் இரண்டு அடியை வெட்டினேன். பத்து மூடை ஏற்றி, மண் மூடை இல்லாமல், நானே குளக்கட்டில் ஓட்டினேன். சொன்ன பக்கம் திரும்பியது. பிள்ளைகளே, ஒரு கார் சொன்ன பக்கம் திரும்புவதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று நீங்கள் அறியாமலே இருக்க வேண்டும்.

மச்சான் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வெல்டிங் கம்பியை அவரே எடுத்துத் தந்து, "என்ட வாய்ல வந்திரிக்க வேண்டிய கதை மச்சான்" என்றார். பெரிய மீன் துண்டு தொடர்ந்து என் பீங்கானில்தான் விழுந்தது.

அந்தக் கராஜ் இப்போது இல்லை. கடல் வந்த அன்றைக்கு, அந்தச் சுனாமியில், நாலு குற்றியும் தகரமும் போன இடம் தெரியாது. நாங்கள் கடலுக்குத் தூரத்தில் ஒரு கலியாண வீட்டில் நின்றதால் தப்பினோம். அந்த வெட்டையில் இப்போது கருவாடும் காய்வதில்லை, கடலை மறிக்கப் போட்ட கல்லு வேலிதான் இருக்கிறது. மச்சான் கட்டாரில். அசருக்குப் பிறகு சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, முகத்துக்கு நேரே உங்கள் காரைப் பழித்துவிட்டு, போகும்போது உங்கள் தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போகிற மனிதர்களும் இல்லை. இப்போது பழிக்கிறவனுக்கு முகமும் இல்லை, அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் வழியில்லை. பச்சைக் கார் எட்டு வருசம் நெல் சுமந்தது. ஒரு வெட்டுக் காலத்தில், வயல் காவல் வாடிக்குப் பக்கத்தில் மூடையோடு நின்றதை, நெல் வாசத்துக்கு வந்த யானை புரட்டிப் போட்டு நெல்லைத் தின்றுவிட்டுப் போனது. உள்ளே ஒருவரும் இல்லை. அந்தக் காரைப் பற்றிக் கடைசி அபிப்பிராயம் சொன்னது அந்த யானைதான்.

ஒன்றை மட்டும் இதுவரைக்கும் உங்கள் உம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த முதல் நாள் இறக்காமத்திலிருந்து நான் வெளிக்கிடும்போது சுபைதா ஒரு சட்டி எருமைத் தயிரை வாழை இலையால் மூடிக் கட்டி, "வீட்ட குடுங்க" என்று தந்தாள். மாவடிப்பள்ளி வெளிக்கு வந்தபோதுதான் காலையிலிருந்து நான் ஒன்றும் தின்னவில்லை என்பது வயிற்றுக்குத் தெரிந்தது. ரோட்டில் ஒருவரும் இல்லை. மோட்டார் சைக்கிளை ஒரு வாய்க்கால் பாலத்தின் ஓரத்தில் நிறுத்தி, பாலத்தின் கட்டுச் சுவரில் குந்தி, இலையைப் பிரித்தேன். ஒரு வாய் என்றுதான் தொடங்கினேன். அடிச்சட்டியை விரலால் வழித்து நக்கி, வாய்க்காலில் இறங்கிக் கழுவி, சட்டியைத் தண்ணீரில் மெள்ள விட்டேன். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மிதந்து போனது. கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை மிதித்தேன்.